ஒண்ணும் ஆகாத புத்தகம்

வெயில் ஏறிவிட்டால் ஃபிரிட்ஜ்காரனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஊரில் உள்ள ஃபிரிட்ஜெல்லாம் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஒரே வாரத்தில் படுத்துக்கொள்ளும். பால் திரிஞ்சுபோச்சு, இன்சுலின் கெட்டுப்போயிடும், நேத்து வாங்கின மீன் நாறுது என்று ஃபோன் மேல் ஃபோன் வரும். வண்டியின் பின்சீட்டில் கேஸ் சிலிண்டரைக் கயிறு போட்டுக் கட்டி, கால் வைக்கிற இடத்தில் கருவிப் பையை நிறுத்திக்கொண்டு, ஒரு சமையலறையிலிருந்து இன்னொரு சமையலறைக்கு ஓடிக்கொண்டிருப்பான். மற்ற வருஷங்களில் இதற்காக வெயிலைத் திட்டுவான். இந்த வருஷம் திட்டவில்லை. வீட்டுக்குப் போகாமல் இருக்க அதைவிட நல்ல சாக்கு அவனுக்குக் கிடைத்திருக்காது.

வீட்டில் அவன் மனைவி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அப்படித்தான். நிறைமாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்றுபோய், பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. அவள் மயக்கத்தில் இருந்தாள். நர்ஸ் ஒரு பச்சைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவன் கையில்தான் கொடுத்தாள். அவன் பார்த்தான். பக்கத்தில் நின்ற அவனுடைய அக்கா, "போதும்டா, குடுத்துடு. அவளுக்குக் காட்ட வேணாம். பாத்தான்னா தாங்க மாட்டா" என்றாள். கொடுத்துவிட்டான். மனைவி கண்விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை.

அக்கா அன்றைக்கே லீவு போட்டுவிட்டு, தன் துணிமணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்து வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஆயத்த ஆடை ஃபாக்டரியில் சூப்பர்வைசர் அவள். ஒரு ஹால் நிறைய தையல் மெஷின்களையும் பெண்களையும் கட்டி மேய்க்கிறவளுக்கு ரெண்டு அறையும் ஒரு முற்றமும் எம்மாத்திரம்? தொட்டில், பால்புட்டி, முடிச்சுப் போடுகிற சின்னச் சின்னச் சட்டை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மூட்டை கட்டி எங்கேயோ கொடுத்துவிட்டாள். மனைவிக்குப் பால் கட்டி, மார்பு கல்லாகிக் காய்ச்சலடித்தபோது ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டவளும் அவள்தான். "அதைப் பத்தி இந்த வீட்ல யாரும் வாயைத் தொறக்கக் கூடாது. கிண்டக் கிண்டப் புண்ணு எப்படி ஆறும்?" என்பது அவள் போட்ட சட்டம். சட்டத்தை எல்லாரையும்விட ஒழுங்காகக் கடைப்பிடித்தது சில்வண்டுதான்.

சில்வண்டு அவர்களுடைய மகள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். விடிந்ததிலிருந்து தூங்கும்வரை ஓயாமல் வாயடிக்கிறாள் என்று அவனே செல்லமாக வைத்த பேர். ஆஸ்பத்திரி நாட்களில் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் தொட்டில் இல்லை, அம்மா வயிறும் இல்லை. "பாப்பா வரல கண்ணு. நீ போய் விளையாடு" என்று அத்தை சொன்னாள். சில்வண்டு போய் விளையாடினாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து தண்ணி, சோறு, பாத்ரூம் என்கிற அளவுக்கு மேல் வார்த்தை வருவது நின்றுபோனது. ஏன் எதற்கு என்று கேட்டு உயிரை எடுக்கிற பெண், எதையும் கேட்காமல் ஆட்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாள். கையில் கிரீஸோடு போய் நின்றான்.

"வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றான், அக்காவின் சட்டப்படி.

டீச்சர் நம்பவில்லை என்று தெரிந்தது. "பேசு பேசுன்னு அவளை நச்சரிக்காதீங்க. சாயங்காலம் பக்கத்துல உக்காந்து ஒரு கதைப் புத்தகம் படிச்சுக் காட்டுங்க. போதும். நல்ல புத்தகமா பாத்து."

"எது டீச்சர் நல்ல புத்தகம்?"

அதற்குள் மணி அடித்து, பிள்ளைகள் மடை திறந்த மாதிரி வந்து விழுந்தார்கள். டீச்சர் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. பேச வேண்டாம், படித்தால் போதும். இப்படிக் கையில் பிடிக்கிற மாதிரி ஒரு வேலையை யாராவது கொடுக்க மாட்டார்களா என்றுதான் இருந்தான். ஆனால் எதைப் படிப்பது? அவன் பிறந்து வளர்ந்த வீட்டில் கதைப் புத்தகம் இருந்ததில்லை. தொழிலுக்கு வந்த பிறகு அவன் வாசித்ததெல்லாம் கம்ப்ரஸர் மேல் ஒட்டியிருக்கிற வயரிங் படம்தான். போகிற வீட்டிலெல்லாம் விசாரிக்க ஆரம்பித்தான். ஃப்ரீஸரில் தலையை விட்டுக்கொண்டே, "ஏங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு நல்ல கதைப் புத்தகம் ஒண்ணு சொல்லுங்களேன்" என்பான். மருந்துக் கடைக்காரர் பொது அறிவுப் புத்தகம் வாங்கச் சொன்னார். தலைநகரங்களெல்லாம் மனப்பாடம் ஆகிவிடுமாம். ஐஸ்கிரீம் கடைக்காரர், "கலர் அடிக்கிற புத்தகம் வாங்கிக் குடுத்துட்டு நிம்மதியா தூங்குங்க சார். அதுல எழுத்தே கிடையாது" என்றார். ஒரு ரிட்டயர்டு அதிகாரி, பொய் சொன்ன பையன் கடைசியில் என்ன கதிக்கு ஆளானான் என்கிற கதையைச் சொல்லி, அதை வாங்கச் சொன்னார். அவன் கூலியைக்கூட எண்ணிப் பார்க்காமல் கிளம்பிவிட்டான்.

மூன்றாவது மாடி வீட்டு ஃபிரிட்ஜ் ஒன்று அவனைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தது. கேஸ் ஏற்றிவிட்டுப் போனால் சில நாள் ஐஸாகக் குளிரும், பிறகு நின்றுபோகும். எங்கேயோ கசிகிறது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடம். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஏறி, இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றான். அங்கே பழைய செருப்பு ஸ்டாண்ட் ஒன்று இருந்தது. அதில் செருப்புக்குப் பதிலாகப் புத்தகங்கள். பக்கத்துப் படியில் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சின்னப் பெண், மடியில் புத்தகத்தை விரித்து வைத்து வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் உன்னுதா பாப்பா?"

"எல்லாருதும். இந்த பில்டிங் பிள்ளைங்க எல்லாரும் வெச்சது. எடுக்கலாம், படிக்கலாம், திருப்பி வெச்சிடணும். நான்தான் பாத்துக்கறேன்." பல் இல்லாத இடத்தில் காற்று போனது. "நீங்கதானே எங்க வீட்டு ஃபிரிட்ஜை ரிப்பேர் பண்றேன்னு பண்ணாமலே போறவரு?"

"நானேதான்" என்றான். சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தான். "எங்க வீட்ல ஒரு பொண்ணு இருக்கா. உன்னைவிடச் சின்னவ. அவளுக்குக் குடுக்கிற மாதிரி ஒரு நல்ல புத்தகம் சொல்லேன்."

"அவளுக்கு என்ன புடிக்கும்?"

அவன் யோசித்தான். முட்டை பிடிக்கும், மழை பிடிக்கும், வண்டியில் முன்னால் உட்காரப் பிடிக்கும். முன்பெல்லாம் பிடித்தது. இப்போது என்ன பிடிக்கிறது?

"தெரியலையே."

"அப்பாதானே நீங்க?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்டாண்ட் பக்கம் திரும்பினாள். "சரி. மேல் தட்டுல இருக்கிறது சிரிப்பு வர்றது. நடுவுல பயம் வர்றது. கீழ அழுகை வர்றது. உங்களுக்கு எது வேணும்?"

"அதெல்லாம் வேணாம்மா. சும்மா, யாருக்கும் ஒண்ணும் ஆகாத மாதிரி ஒரு புத்தகம் குடு."

"ஒண்ணும் ஆகாத புத்தகமா?" அவள் வெள்ளரிக்காயைக் கீழே வைத்துவிட்டாள். "அது பல்லு முளைக்காத பாப்பாங்களுக்குக் குடுப்பாங்க அங்கிள். கடிச்சுத் திங்கறதுக்கு."

கடைசியில் மேல் தட்டிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். குடை விற்கிற முள்ளம்பன்றிக் கதை. "குடை எல்லாத்துலயும் ஓட்டை விழுந்துடும், அதோட முள்ளு குத்திக் குத்தி. செம காமெடி."

மேலே போய் ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கக் குழாய்களில் சோப்பு நுரை தடவிப் பார்த்தான். கசிவைக் காட்டுகிற குமிழ் ஒரு மூட்டில்கூட வரவில்லை. கைக்கு வேலையாக இருந்தாலும் மனசு புத்தகத்தின் மேலேயே இருந்தது. இறங்கி வரும்போது படியில் உட்கார்ந்து ஒருமுறை புரட்டிப் பார்த்தான். வாய்விட்டுச் சிரித்தும்விட்டான். நடுப்பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றது. முள்ளம்பன்றிக்குத் தம்பி பிறக்கிறான். படம் வேறு போட்டிருந்தது. கண் திறக்காத ஒரு குட்டி, துணியில் சுற்றி.

அன்று சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினான். சரிசெய்து விற்கவும் உதிரி பாகத்துக்காகவும் அவன் வாங்கிப் போட்டிருந்த செத்த ஃபிரிட்ஜ்கள் அங்கே வரிசையாக நிற்கும். பிள்ளை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதென்று எல்லாவற்றிலும் பூட்டைக் கழற்றி வைத்திருந்தான். அதில் ஒன்றின் மேல் சாய்ந்துகொண்டு சில்வண்டு கேட்டாள். சிரிக்கவில்லை என்றாலும் உதட்டோரம் லேசாக இழுபட்டது. அந்தப் பக்கம் வந்தபோது இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டி, அடுத்ததை மளமளவென்று படித்தான்.

சில்வண்டு கையை நீட்டி, அவன் விட்ட தாளைத் திருப்பினாள். படத்தைப் பார்த்தாள்.

"ஒட்டிக்கிச்சா?" என்றாள்.

"ஆமா. ஒட்டிக்கிச்சு போல."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடிப்படிப் பெண்ணிடம் வேறு புத்தகம் கேட்டான். அவள் சளைக்காமல் கொடுத்தாள். ரயில்வே ஸ்டேஷனில் வாழ்கிற நாய், பட்டன் சேர்க்கிற ஒட்டகம், நிலாவுக்குச் சட்டை தைத்த தையல்காரி. எதையும் அவன் முதலில் தானே படித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுபோவது என்று வைத்துக்கொண்டான். பெட்ரோல் பங்க் ஓரத்தில் நின்று படித்தான். கஸ்டமர் வீட்டில் குழாயின் காற்றை உறிஞ்சுகிற வாக்குவம் பம்ப் ஓடுகிற நேரத்தில் படித்தான். என்ன சாபமோ, எதைத் திறந்தாலும் ஒரு குட்டி வந்து நின்றது. நாய் குட்டி போட்டது. ஒட்டகம் அம்மா இல்லாத குட்டி. தையல்காரி கடைசிப் பக்கத்தில் தொட்டில் கட்டினாள். பிள்ளைகளுக்காக எழுதுகிறவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிச்சல் வந்தது. ஆகாததையெல்லாம் முற்றத்தில் ஓரமாக நின்ற பெரிய செத்த ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் போட்டு மூடினான். வாரக் கடைசியில் தட்டு நிறைந்துவிட்டது. சில்வண்டுக்குப் படித்துக் காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை.

"என்னடா இது, பள்ளிக்கூடத்துல சேர்ந்துட்டியா?" என்றாள் அக்கா. வெயிலுக்கு முந்தானையால் விசிறிக்கொண்டு அவனுக்குச் சோறு போட்டாள். "உன் பொண்டாட்டியைப் பாரு, ரெண்டு வாய் கஞ்சிக்கு மேல எறங்க மாட்டேங்குது. பக்கத்துல போய் உக்காரேன். கால்ல கொதிதண்ணி ஊத்தின மாதிரி ஓடிட்டே இருக்க."

"உக்காந்து என்ன பேசறது? நீதான் பேசக் கூடாதுன்னு சொல்லிட்டியே."

"பேசாம உக்காரத் தெரியாதா உனக்கு?"

அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால், அந்தப் பச்சைத் துணி கையில் கனக்கிற மாதிரி இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மூன்றாம் மாடி ஃபிரிட்ஜ் மறுபடி நின்றுபோனது. இந்தத் தடவை போனபோது மாடிப்படிப் பெண் அவனை வழிமறித்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறீங்க, ஒண்ணையும் திருப்பித் தரல. அவ படிச்சாளா இல்லையா? என்ன சொன்னா?"

"அவ படிக்கலம்மா. நான்தான் படிச்சேன். எல்லாத்துலயும் பாப்பா வருது."

"வந்தா என்ன?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். படியில் யாரும் இல்லை. யாரிடமும் சொல்லாததை, பல் விழுந்த ஒரு சின்னப் பெண்ணிடம் ஏன் சொன்னான் என்று பிறகு அவனுக்கே புரியவில்லை. "எங்க வீட்ல ஒரு பாப்பா பொறந்துச்சு. உயிரோட பொறக்கல."

அவள் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கன்னத்தைச் சொறிந்துகொண்டு யோசித்தாள். பிறகு முட்டி போட்டுக் கீழ்த் தட்டில் கையை விட்டு, அட்டை நைந்த ஒரு மெல்லிய புத்தகத்தை உருவினாள். மேலே ஒரு கொக்கு, கூடு, நாணல்.

"கொக்கு மூணு முட்டை போடும். ரெண்டு பொரிக்கும். மூணாவது பொரிக்காது. குஞ்சுங்க ரெண்டும் அந்த முட்டை எங்க போச்சு, எங்க போச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். நான் இதுக்கு ரெண்டு தடவை அழுதேன். ரெண்டாவது தடவை வேணும்னே அழுதேன்."

"ஐயையோ, வேணாம்மா."

"உங்களுக்குக் குடுக்கல. அவளுக்குத்தான் குடுக்கறேன்" என்று அவன் கருவிப் பைக்குள் செருகிவிட்டாள். "நீங்க படிச்சுட்டு ஒளிச்சு வெக்காதீங்க."

அவன் ஒளித்துத்தான் வைத்தான். அதே காய்கறித் தட்டில், மற்றதுக்கெல்லாம் அடியில்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. முற்றத்தில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஒரு கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டிருந்தான். அக்கா சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திடீரென்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அந்தக் குரலை அவ்வளவு சத்தமாக அவன் கேட்டதில்லை. ஸ்பானரும் கையுமாக ஓடினான்.

கட்டிலில் அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. கையில் கொக்குப் புத்தகம். பக்கத்தில் சில்வண்டு, சப்பணம் போட்டுக்கொண்டு.

"இது எந்த ஊரு நியாயம்?" மனைவி அவனைப் பார்த்துத்தான் கத்தினாள். "முட்டை பொரிக்கலயாம், தண்ணில விட்டுட்டாங்களாம், மறுநாள் காலைல இந்தக் கொக்கு மீன் புடிக்கப் போகுதாம்! மறுநாளே! எப்படிப் போகும்? கால் எழும்புமா அதுக்கு? இதை எழுதினவன் ஆம்பளையாத்தான் இருப்பான்."

"இல்லம்மா" என்றாள் சில்வண்டு. "பொம்பளைதான். பின்னாடி போட்டோ இருக்கு."

மனைவி புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தாள். கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுக்காரி. "இவளா? இவளுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே, பார்வையை எடுக்காமல் பார்த்தாள். குரல் இறங்கியது. "தெரியாமலா எழுதியிருப்பா."

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அக்கா வந்துவிட்டாள். அட்டையில் கூடும் முட்டையும் இருப்பதைப் பார்த்ததும் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "எந்தக் கழுதை கொண்டாந்து குடுத்தது இதை? ஏன்டா, நீதானா? அறிவிருக்கா உனக்கு? குடு இப்படி, அடுப்புல போடறேன்."

"அப்பா குடுக்கல அத்தை. நானாத்தான் எடுத்தேன்" என்றாள் சில்வண்டு. "ஃபிரிட்ஜுக்குள்ள இருந்துச்சு. நான் எல்லாத்தையும் படிச்சேன். இதான் நல்லா இருந்துச்சு. அம்மா படுத்துட்டே இருக்காங்கல்ல, அதான் படிக்கச் சொன்னேன்."

அவ்வளவு வார்த்தைகள் அவள் வாயிலிருந்து மொத்தமாக வந்து எத்தனை நாளாயிற்று! மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நம்ம பாப்பா பொரிக்கலையா?"

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள்.

"ஆமா கண்ணு" என்றான். "வயித்துக்குள்ளயே செத்துப்போச்சு."

"தம்பியா, தங்கச்சியா?"

"தம்பி."

"ஆஸ்பத்திரிலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" அவளுக்குள் இத்தனை நாள் ஊறிக்கிடந்தது வெளியே வந்தது. "எல்லாரும் ரிப்பேர் ஆகாதுன்னு விட்டுட்டுப் போறதை நீ வாங்கிட்டு வந்து சரி பண்ணுவியே அப்பா. தம்பியையும் கொண்டு வந்திருந்தா நீ பாத்திருக்கலாம்ல?"

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். எங்கே வைத்தான் என்றுகூடத் தெரியாது, பிறகு தேடித்தான் எடுத்தார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். "மெஷினைத்தான் கண்ணு அப்பாவுக்குச் சரி பண்ணத் தெரியும். செத்துப்போனவங்களை யாராலயும் முடியாது. டாக்டராலயும் முடியாது. நாங்க அவனைச் சும்மா விட்டுட்டு வரல. அப்பா கையில வெச்சிருந்தேன். அப்புறம் நானும் அத்தையும் போய் மண்ணுல படுக்க வெச்சுட்டு வந்தோம்."

"நீங்க பாத்தீங்களா?"

கேட்டது மகள் இல்லை. மனைவி. அவள் கேட்ட விதத்தில், இந்தக் கேள்வியைச் சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை தடவை மனசுக்குள் கேட்டிருப்பாள் என்று தெரிந்தது.

"பாத்தேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையேம்மா."

"கேட்டா ஓடிடுவீங்கன்னு இருந்தேன். எப்பப் பாத்தாலும் சாவியும் கையுமா வாசல்ல நின்னா எப்படிக் கேக்கறது?" அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க. எப்படி இருந்தான்?"

சொல்வதற்கு என்ன இருக்கிறது, அரை நிமிஷம் பார்த்த ஒரு முகம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். வாயைத் திறந்ததும் ஒவ்வொன்றாக வந்தது. தலை நிறைய முடி, ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. கறுப்பு இல்லை, செம்பட்டை. காது அவளுடையதுதான், மேலே லேசாக மடிந்து. உதடு மட்டும் நீலமாக இருந்தது. ஒரு கை துணிக்கு வெளியே வந்திருந்தது. அவன் தன் விரலை அதில் வைத்துப் பார்த்தான். பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் விரல் சின்னதாக, மடித்த மாதிரி, அழகாக இருந்தது.

"நகம்?" என்றாள் மனைவி.

"இருந்துச்சு. நல்லா நீளமா. வெட்டிவிடணும் போல இருந்துச்சு."

அதைக் கேட்டுத்தான் அவள் உடைந்தாள். வாய்விட்டு, பெருங்குரலெடுத்து அழுதாள். சில்வண்டு பயப்படவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அம்மாவின் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவனும் அழுதான். வெட்கமாக இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. எங்கேயோ ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எழுந்து போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அக்காவைக் கவனித்தான். கதவு நிலையில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தான்.

"எனக்கும் ஒண்ணு அப்படிப் போச்சுடா" என்றாள் அக்கா. "கல்யாணமான புதுசுல. நீ அப்பச் சின்னப் பையன், உனக்குத் தெரியாது. யாரும் பேசக் கூடாதுன்னாங்க. நானும் எந்திரிச்சு வேலைக்குப் போயிட்டேன்." கைவிரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு யாரும் காட்டல. அதுக்கும் நகமெல்லாம் இருந்திருக்கும்ல?"

கட்டிலிலிருந்து மனைவிதான் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "இருந்திருக்கும் அண்ணி. நிச்சயமா இருந்திருக்கும். இங்க வாங்க. மேல உக்காருங்க."

அன்றைக்கு மீன் கழுவியது கழுவியபடி கிடந்தது. சாயங்காலம் யாரோ முட்டை பொரித்தார்கள், ரொட்டியோடு சாப்பிட்டார்கள். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அதற்குப் பிறகும் மனைவி நாள் கணக்கில் படுத்திருந்தாள். ஆனால் இப்போது சுவர் பக்கம் பார்த்தல்ல. சில நாள் அவள் கோபம் அவன் மேல் திரும்பும். ஏன் காட்டாமல் கொடுத்தீர்கள் என்று கேட்பாள். அவன் சாவியைத் தேடாமல் உட்கார்ந்து வாங்கிக்கொள்வான். சில்வண்டு காய்கறித் தட்டிலிருந்த மற்ற புத்தகங்களைக் கட்டிலில் பரப்பி, எது நல்லது, எது மொக்கை என்று அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். ஒட்டகம் அழுமூஞ்சியாம். முள்ளம்பன்றி பரவாயில்லையாம்.

தன் வீட்டுக்குத் திரும்பும் நாளில் அக்கா தன் பையைக் கட்டினாள். துணிகளுக்கு நடுவே கொக்குப் புத்தகம் இருந்ததை அவன் பார்த்துவிட்டான். அவன் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"என்ன முறைக்கிற? படிச்சுட்டுத் தர்றேன். அடுப்புலயெல்லாம் போட்டுட மாட்டேன்" என்று ஜிப்பை இழுத்து மூடினாள்.

மூன்றாம் மாடி ஃபிரிட்ஜுக்கு மறுபடியும் போக வேண்டியிருந்தது. இந்தத் தடவை, உள்சுவருக்குப் பின்னால் பஞ்சுக்குள் ஓடுகிற குழாயில்தான் ஓட்டை என்று தெரிந்துவிட்டது. அதை அறுத்துவிட்டுப் புதுக் குழாயை வெளியே ஓட்ட வேண்டும். ஒரு நாள் வேலை. சில்வண்டையும் கூட்டிக்கொண்டு போனான், திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகங்களோடு. இரண்டு பெண்களும் அரை நிமிஷம் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்தார்கள். அடுத்த நிமிஷமே சில்வண்டு நடுத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பயம் வருகிற புத்தகமாகத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

மாடிப்படிப் பெண், திரும்பி வந்த புத்தகங்களைச் சரிபார்த்தாள்.

"கொக்கு எங்க?"

"அது வர நாளாகும்மா. ஒருத்தங்க படிக்க எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"யாரு?"

"எங்க அக்கா."

"எத்தனை வயசு அவங்களுக்கு?"

"அம்பது தாண்டிடுச்சு."

அவள் கன்னத்தைச் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"சரி, படிக்கட்டும்" என்றாள். "அந்தப் புத்தகத்துக்கு அது சரியான வயசுதான்."